தாடையரும் ஸ்பெயின் ராசாவும்

சிட்னித் தமிழர்களில் ஐரோப்பிய அரசர்களுக்காக மனம் நொந்து, சோறு வேண்டாம் என்று பாதியில் எழும்பிய ஒரே மனிதர் தாடையர்தான். எந்தக் கோயிலிலும் இதை நான் சத்தியம் செய்வேன்.

பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். சிட்னிப் புறநகரான லிட்கமில் அவருடைய வீட்டில் நான் வாடகைக்கு ஓர் அறையில் இருந்தேன். குசினிச் சுவரில் மற்றவர்கள் சாமிப்படம் மாட்டும் இடத்தில் அவர் ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தை மாட்டியிருந்தார். அத்தனை பேருக்கும் கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நாட்டை வெளியாருக்குக் கொடுக்க மனமில்லாமல் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி வந்த வினை என்பார். அவருடைய தாடையும் கொஞ்சம் நீளம்தான்.

“தம்பி, இந்த ஸ்பெயின் ராசாவைப் பாரும். தகப்பன் கட்டினது கூடப்பிறந்த தங்கச்சியின்ர மகளை. இவருக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கேல்லை. சாப்பாட்டைச் சப்பேலாது. பாவம்! நான் அப்ப இருந்திருந்தா ஒரு செற் பல்லுச் செய்து குடுத்திருப்பன்.”

சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். உலகத்தை ஆண்ட ராசாவுக்காக லிட்கமில் ஒருவர் பட்டினி கிடப்பதை நான் வாய் பிளந்து பார்ப்பேன். பிறகு அவருடைய கோழித் துண்டையும் நானே சாப்பிடுவேன்.

ஹெலன்ஸ்பர்க் கோயில் கன்டீனில் ஒரு நாள் ஓர் அன்ரி, தன் மகளுக்குச் சொந்த மச்சானையே பேசியிருப்பதாகப் பெருமையோடு சொன்னார். தாடையர் உடனே தட்டில் வடைகளை அடுக்கினார்.

“இஞ்ச பாருங்கோ அக்கா. இந்த வடை ராசாவின்ர அப்பப்பா. ராசாவின்ர அம்மாக்கு அம்மப்பா எங்க? அதுவும் இதே வடைதான்!”

அன்ரி திகைத்துப்போய் நின்றார். எனக்கோ பசி. அந்த வடையை எடுத்துக் கடித்துவிட்டேன்.

“அறுவான், வம்சத்தையே முடிச்சிட்டான்!” என்று கத்தினார் தாடையர். அதன்பிறகு எங்களைக் கண்டாலே அந்த அன்ரி வடைத் தட்டை மறைத்துக்கொள்வார்.

இவர் ஏன் கலியாணம் கட்டவில்லை என்பது, மெல்பேர்ன் கிரெய்கிபர்னிலிருந்து சுகுணா அன்ரி வந்த அன்றுதான் தெரிந்தது. தாடையரின் மாமா மகள். வாசலில் நின்றபோதே அதே நீளத் தாடை. இளமையில் இருவருக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது, விருப்பமும் இருந்தது. ஆனால் அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மச்சான் மச்சாளைத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கோ அரசர்களைப் பற்றிப் படித்த தாடையர், பிறக்கப்போகும் பிள்ளை கஷ்டப்படக்கூடாது என்று மறுத்துவிட்டார். பிறகு அவரும் கட்டவில்லை, அன்ரியும் கட்டவில்லை. பிறக்காத ஒரு பிள்ளைக்காக ஒருவர் இப்படி வாழ்ந்திருக்கிறாரே!

அன்று மத்தியானமும் ராசாக்களைத் தொடங்கினார். அன்ரி கை கழுவி வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

“அத்தான், எனக்கும் அறுபதாகப் போகுது. இனி எங்களுக்கு இளவரசன் பிறக்கப் போறானோ?”

தாடையர் சுவரைப் பார்த்தார். ஓர் அரசனும் உதவிக்கு வரவில்லை.

“இல்லைத்தான்...”

“அப்ப என்னைக் கட்டாம இருக்க இனி என்ன சாட்டு?”

இப்போதும் மறுத்தால் அன்ரி இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “அங்கிள், ஓம் எண்டு சொல்லுங்கோ!” என்று கத்தியேவிட்டேன்.

“உமக்கு என்னில கோவம் இல்லையே?” என்று தாடையர் அன்ரியிடம் மெதுவாகக் கேட்டார்.

“இல்லாமலோ? எல்லாத்தையும் சேர்த்து வைச்சிருக்கிறன். கட்டின பிறகு ஆறுதலா ஏசுறன்.”

“ஓம்” என்றார் தாடையர்.

பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். மணமகனுக்கு நீங்கள் யார் என்று பதிவாளர் ஆங்கிலத்தில் கேட்டார். வாடகைக்கு இருப்பவன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்தம் என்றேன்.