வலது பக்கம் பாக்கி

கூப்பியோ,
ஜூன் 2

அன்பு மகள் சென்யாவுக்கு அப்பா ரெய்யோ எழுதுவது. நான் சுகம். ஏரி சுகம். அடுத்த வீட்டு தவுனோவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். ஓஸ்லோவில் உன் சுகமறிய ஆவல், அவசரமில்லை.

நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வியாழன் டவுனுக்குப் போனது மீன்வலை வாங்கத்தான். வலைக்கடைக்குப் பக்கத்தில் உடம்பில் துளை போடும் கடை இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழுதட்டில் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று என்று வளையம் மாட்டிக்கொண்டு வந்து, இதற்குப் பாம்புக்கடி என்று பேர் என்றாயே, அதில் சில சந்தேகங்கள் இருந்தன. கேட்டுவிட்டு வரலாம் என்று நுழைந்தேன். வாசலில் எண் சீட்டு கொடுக்கும் எந்திரம். அதைக் கண்டபிறகு சீட்டு எடுக்காமல் நிற்க நம்ம பின்லாந்துக்காரர்களால் முடியுமா? எடுத்தேன். என் எண் வந்தது. கடைக்காரி இல்தா, கழுத்துவரை பச்சை குத்தியவள், நாற்காலியைக் காட்டினாள்.

"காப்பி குடிச்சா ஓட்டை வழியா ஒழுகுமாம்மா?"

"ஒழுகாது."

"பல்லு தேயுமா?"

"அளவா போட்டு கவனமா பாத்துக்கிட்டா பெரும்பாலும் தேயாது."

"வலிக்குமா?"

"மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். எந்தப் பக்கம்?"

அதற்குள் அவள் கையுறை மாட்டி, ஊசி உறையைப் பிரித்துவிட்டாள். பின்னால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். சும்மா கேட்க வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இடது என்றேன்.

எல்லாம் முடிந்தபிறகுதான் சொல்கிறாள்: "உப்புத்தண்ணில கொப்பளிங்க. ரெண்டு வாரம் ஏரியில முங்கக் கூடாது, சவுனாவும் கூடாது." முதலிலேயே சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். சனிக்கிழமை ஏரிக்கரைக்காரர்கள் எல்லாம் நம்ம சவுனா நீராவி அறைக்குள்ளே வேர்த்துக்கொண்டிருக்க, நான் துண்டோடு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். தவுனோ தலையை நீட்டினான்.

"என்னய்யா, நெஞ்சு வலியா?"

"இல்ல."

"பின்ன உதடு ஏன் வீங்கிருக்கு?"

"மீன்முள்ளு."

"முள்ளு பளபளன்னு இருக்கே."

உள்ளே ஒரே சிரிப்பு. வெளியே கொசு. நீ வளையத்தோட வந்த அன்னிக்கு, இரும்பு மாட்டின வாயோட என் சவுனாவுக்குள்ள வராதேன்னு நான்தான் கதவைச் சாத்தினேன். நீ இதே மூணாவது படியிலதான் துண்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே, அப்புறம் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டே. உள்ளே சிரிக்கிறது வெளியே இவ்வளவு தெளிவா கேக்கும்னு எனக்குத் தெரியாது சென்யா. உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு.

அது சனிக்கிழமை. இப்போது தேறிவிட்டேன். வளையத்தைக் கழற்றி எறிந்தாயிற்று, துளையும் மூடிவிட்டது. கோடைத் திருநாளுக்கு நீ வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையைப் பார், வேளைக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உனக்கு வாய்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கழற்றவில்லை. வலையும் வாங்கவில்லை. வலது பக்கத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது: திருநாளுக்கு முந்தின புதன், பதினோரு மணி. மூணு எண்ணுறதுக்குள்ள முடியும்னு இல்தா சொன்னது பொய், நான் ஏழு வரைக்கும் எண்ணினேன். இந்தத் தடவை கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும். நீ வளையத்தோடயே சவுனாவுக்குள்ள போகலாம், கதவு திறந்திருக்கும். புதுத் துளையால எனக்குத்தான் மறுபடி தடை. மூணாவது படியில கொஞ்சம் தள்ளித்தான் உக்காந்திருப்பேன், இடம் இருக்கு.