யாரென்று தெரியக்கூடாத கம்பெனி

“இது ஈகோன் கம்பெனிதானே?” என்றான் கூடப் படிக்கும் கிரெஸ்டன், முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல்.

ரிக்காவுக்குத் திக்கென்றது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஒரு வாரம்தான். டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்தில் பத்தொன்பது பேர் வேலை செய்யும் ஒரே ஒரு ஏணித் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் கூடவே இருந்து ஆராய்ந்திருந்தாள். முதலாளி ஈகோன் போட்டது ஒரே நிபந்தனை.

“நாங்கதான்னு யாருக்கும் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா, ‘இவங்களுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு’ன்னு ஊரே பேசும்.”

அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரிக்காவுக்குப் பட்டம்.

“எப்படிடா கண்டுபிடிச்ச?”

“ஏணின்னு எழுதியிருக்கியே! எங்க பக்கத்து ஊருதான். அங்க ஏணி செய்யறது அவரு ஒருத்தர்தான்.”

ரிக்கா ஏணியைக் குடையாக்கினாள்.

“வெள்ளிக்கிழமை காலையில, தப்பு பண்ணினவங்க, எல்லாருக்கும் ரொட்டி வாங்கிட்டு வந்து, என்ன தப்புன்னு வாய்விட்டுச் சொல்றாங்களா?” கிரெஸ்டன் சிரித்தான். “குடையாவது மண்ணாவது. ஈகோனேதான்.”

ஆனால் அந்த ரொட்டிதான் ஆய்வுக்கே உயிர். முதலாளியே மாதம் இரண்டு முறை வாங்கி வருவார். யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். அடுத்த வாரம் அந்தத் தப்பும் நடக்காது. ரிக்கா அதைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தாள். நூறு கம்பெனிக்குக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்குமா? ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

ரொட்டியைக் கேக்காக்கினாள். வெள்ளியைத் திங்களாக்கினாள். குடை திரைச்சீலையானது.

“போச்சு! இது எங்க சித்தி வேலை பாக்கற இடம்,” என்றான் கிரெஸ்டன். “அங்க திங்கக்கிழமை கேக் உண்டு. ஆனா தப்பை ஒத்துக்கறாங்கன்னு எழுதினா அந்த முதலாளியம்மா கோர்ட்டுக்கே போயிடுவாங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. ரிக்கா ஒரே மூச்சில் கம்பெனியை ஸ்வீடனுக்குக் கடத்தினாள். திரைச்சீலை பியானோவானது. ஈகோன் ஓர் அம்மாளானார்.

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இதுல நெஜம்னு ஏதாவது மிச்சம் இருக்கா?”

“தப்பை ஒளிக்காம சொல்றாங்க சார். அதுல மட்டும் கை வைக்கல.”

“அப்ப சரி. உயிர் இருக்கு.”

கிரெஸ்டனும் இந்த முறை உதட்டைப் பிதுக்கினான். “தெரியலையே, யாரு?” ரிக்கா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனாள். அன்று ரொட்டி ஈகோனுடையது.

“நாப்பது ஏணி, எல்லாத்துலயும் ஒரு படி குறைச்சல். அளவு எடுத்தது நான்தான்,” என்றார். எல்லோரும் சிரித்து, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள்.

பிறகு அவர் ஆய்வேட்டின் சுருக்கத்தை உரக்க வாசித்தார். முடிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களைத்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், இரண்டு வருட உழைப்பும் போயிற்று என்று நினைத்தாள் ரிக்கா.

ஈகோன் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் கீழே வைத்தார்.

“இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? இது நாங்க இல்லையே!”

லாரி ஓட்டும் கெர்டா ஏக்கத்தோடு தலையசைத்தாள்.

“ஸ்வீடன்காரங்களா இருந்தாலும் எவ்வளவு நல்ல மனுசங்க பாருங்க! ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம் ஈகோன், தப்பை இப்படி ஒளிக்காம சொல்றதுக்கு நாமளும் கத்துக்கணும்.”