அன்னூர் மாப்பிள்ளைக்கு என் உடம்பு

பிரபு அண்ணா, நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில் அந்த அன்னூர்க் கதையை ஊருக்கே சொல்லப்போகிறேன்.

பிரபு என் கூடப் பிறந்தவன். கல்யாணப் போட்டோ எடுப்பான். இரண்டு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். அழுது எழுதத் தெரியாது. சிரிப்புக் கதை என்றால் கை கொஞ்சம் ஓடும்.

கேமரா மாட்டும் கடையில் எனக்கு ஒயர் இழுக்கிற வேலை. அதனால் நெட்வொர்க் எல்லாம் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொள்வேன். பீளமேட்டு வீட்டில் அண்ணன், ஆல்பம் செய்யும் அண்ணி, நான் என்று மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் இணைத்து, வேகமான ஸ்விட்ச் பெட்டி வைத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய டிஸ்க்கும் மாட்டினேன். அண்ணன் அன்னூரில் எடுத்து வந்த கல்யாணப் போட்டோ முழுவதும் டீ ஆறுவதற்குள் அதில் ஏறிவிட்டது. அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். (நான் அதோட எந்திரிச்சுப் போயிருக்கணும்.)

டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிடுமே என்று எனக்குக் கவலை. பார்த்தால் அதே கல்யாணம் மூன்று கம்ப்யூட்டரிலும் தெரிகிறது. ஒரு கல்யாணத்துக்கு எதற்கு மூன்று இடம்? என்னுடையதில் மட்டும் அழித்தேன்.

உள்ளேயிருந்து அண்ணி அலறினார். "ஏனுங்க! இணைச்சீர் போட்டோ கண்ணு முன்னாலயே காணாமப் போகுதுங்க!"

"பயப்படாதீங்க அண்ணி! நான் என்னுதத்தான் அழிக்கிறேன், ஓங்களுது போவாது!"

அண்ணி ஓடி வந்து ஒயரைப் பிடுங்கியதால் இணைச்சீரோடு போயிற்று, மீதிக் கல்யாணம் தப்பியது. மூன்று ஜன்னலில் ஒரே தோட்டம் தெரிகிற மாதிரி, மூன்று கம்ப்யூட்டரிலும் தெரிந்தது பொது டிஸ்க்கில் இருந்த அந்த ஒரே கல்யாணம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகமான நெட்வொர்க்கில் அழிவதும் வேகம்தான். கேமரா கார்டை அண்ணன் ஏற்கெனவே துடைத்திருந்தான், என்னை நம்பி.

இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்யும் சீர். அன்று கல்யாணப் பெண்ணுக்குச் சமமாக அவளும் மின்னுவாள். அன்னூரில் அண்ணனுக்கு வரும் கல்யாணம் எல்லாம் அந்த மாப்பிள்ளையின் அக்கா வாய்ச்சொல்லில் வருவது. அவர் காறித் துப்பினால் அண்ணன் கேமராவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுநாளே என்னை பைக்கில் ஏற்றிப்போய் அவர் முன்னால் நிறுத்தினான். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, எனக்கிருக்கறது ஒரே பொறந்தவன், அவன் கண்ணாலம். எஞ்சீரு எங்கீங்க?"

"மறுபடி எடுத்தர்லாமுங்க அக்கா" என்றான் அண்ணன்.

"மாப்பிள்ளை பெங்களூர் போயிட்டானுங்களே!"

"அவரு தலை எங்கிட்ட நெறைய இருக்குதுங்க. ஒடம்புதானுங்க வேணும்." அண்ணன் என்னை முன்னால் தள்ளினான்.

அக்கா மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கருவேப்பிலைக் குச்சியா? எந்தம்பி மூணு பங்கு இருப்பானுங்க!"

ஆக, என் வயிற்றில் தலையணையைக் கட்டி, மேலே பட்டுச் சட்டை போட்டு, வாசலில் நிறுத்தினார்கள். அக்கா மறுபடி பட்டுச்சேலை, நகை எல்லாம் பூட்டிக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. ஒவ்வொரு பிளாஷுக்கும் தலையணை ஒரு விரல் கீழே இறங்கியது. "மூச்ச இழுத்துப் புடிடா!" என்று அண்ணன் கத்துகிறான். தலையணை மூச்சு விடுமா?

அண்ணி கம்ப்யூட்டரில் என் உடம்புக்கு மேல் மாப்பிள்ளையின் தலையை ஒட்டினார். ஆல்பம் பார்த்த மாப்பிள்ளை போன் போட்டார். "தொப்பை எனக்கு முழங்காலுக்குப் பக்கத்துல இருக்குதுங்களே?" அக்காவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவர் சேலை அழகாக விழுந்திருந்தது, அது போதும். அடுத்த முகூர்த்தத்துக்கே இரண்டு கல்யாணம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் என் பேர் அன்னூர் மாப்பிள்ளை.

அண்ணன் காரியத்தன்று அந்த அக்கா வந்திருந்தார். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார். மூலையில் என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மணி, மாப்பிள்ளை சாப்ட்டாருங்களா? ஒடம்பு எளைச்சுப் போச்சே" என்றார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எனக்கு. அப்புறம் வீடு முழுக்க.

இதைப் படித்து நீங்களும் சிரித்திருந்தால், உங்கள் சாமி எந்தச் சாமியோ, அங்கே எங்கள் பிரபு அண்ணனுக்காக ஒரு வார்த்தை எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.