மச்சான் தொட்டித் தண்ணீர்

அகமது மீரானின் சாயப்பட்டறைத் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அதை ஒரு புட்டியில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆத்துக்குப் போகும். ஊர் ஜனம் குடிக்கிற தண்ணி, பாய். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கரண்டை நிறுத்த வேண்டி வரும்."

"சரி பண்ணிருதேன் சார்."

அதோடு அவர் போயிருந்தால் மீரான் தாங்கிக்கொண்டிருப்பார். ஜீப்பில் கால் வைத்தவர் திரும்பி, பக்கத்து மதிலைக் கைகாட்டினார்.

"உங்க மச்சான்கிட்ட யோசனை கேளுங்க. கரி போட்டு வடிகட்டுறாரு. கண்ணாடி மாதிரி தண்ணி. தொட்டியில மீன் ஓடுது!"

மீரானுக்கு வயிற்றில் அமிலம் ஊற்றியது போலிருந்தது.

மேலப்பாளையத்து ஓரத்தில் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் மீரானின் பட்டறை, அந்தப் பக்கம் முகம்மது சுல்தானின் பட்டறை. இருவருக்கும் லுங்கி நூலுக்குச் சாயம் போடுவதுதான் தொழில். சுல்தானுக்கு அதோடு சொந்தத் தறிகளும் உண்டு. மீரானின் மனைவி அலிமா பீவிக்கு அவர் மூத்த சகோதரர்; அவள் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்தே மீரான் செய்யும் எதையும் சுல்தான் ஏற்கெனவே இன்னும் நன்றாகச் செய்து முடித்திருப்பார்.

மத்தியானம் சோறு வைக்கும்போதே அலிமா ஆரம்பித்துவிட்டாள்.

"காக்கா தொட்டியில கெண்டை மீன் வளக்காகளாமே?"

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. நம்ம தொட்டியில தவளைகூட நிக்க மாட்டேங்குது. காக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாய் முத்தா உதிரும்?"

"கேக்க என்ன இருக்கு? கரி. அம்புட்டுத்தானே? கரி எனக்குக் கிடைக்காதா?"

அன்று சாயங்காலமே பட்டறை வாசலில் கரி மூட்டைகள் வந்து இறங்கின. இஸ்திரிக் கடைக்காரர்கள் வாங்கும் நல்ல தேங்காய்ச் சிரட்டைக்கரி. மீரானே முன்னால் நின்று தொட்டியில் கொட்டவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் ரோஸ்மில்க் போய்க் கருப்பட்டிக் காப்பி வந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் பாளையங்கோட்டையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்தும் ரீபாவுக்குப் போன் போனது. ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ரீபா, தொட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது அடுப்புக்கரில்லா. இதை வச்சு மீன் சுடலாம், மீன் வளக்க முடியாது."

"கரியில என்ன பெரிய சாதி பேதம் மேடம்?"

"இருக்கே. இதே சிரட்டைக்கரியைக் கடுஞ்சூட்டு நீராவியில பதப்படுத்தணும். அப்பதான் அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல விழும். சாயம் போயி அந்த ஓட்டைக்குள்ள ஒட்டிக்கிடும், தண்ணி மட்டும் வெளிய வரும். ஆக்டிவேட்டட் கார்பன்னு கேட்டு வாங்கணும்."

மீரான் குரலைத் தாழ்த்தினார். "எங்க மச்சான் எந்தக் கரி போட்டிருக்காரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவுக என்கிட்ட வரலயே."

"எதா இருந்தாலும் சரி. அதைவிட ஒசத்தியா ஒண்ணு குடுங்க."

புதுக் கரி வந்தது. ரீபா சொன்னபடி கழுவி, தூசி போக்கி, தொட்டியில் நிரப்பினார்கள். தண்ணீர் தெளிந்தது. மீரான் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். குடித்துக்காட்டவும் போனார், நல்லவேளையாக அலிமா பிடுங்கிக் கீழே ஊற்றினாள். அப்புறம்தான் அந்தத் தவறைச் செய்தார். சுல்தானை வந்து பார்க்கச் சொன்னார்.

சுல்தான் வெள்ளை ஜிப்பாவில் வந்து தொட்டியருகே நின்றார். மீரான் குழாயைத் திறந்தார். இளஞ்சிவப்பாகக் கொட்டியது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு மச்சான்!"

"இருக்கட்டும் மாப்ள. பழகப் பழகச் சரியாயிரும்."

அந்த 'பழகப் பழக' மீரானை இரண்டு வேளை சாப்பிடவிடவில்லை. ரீபா திரும்பவும் வந்து பார்த்தார்.

"கரி மேல குத்தமில்ல. ஓட்டை பூராவும் நிறைஞ்சு போச்சு. இனி அது சும்மா கல்லு."

"மச்சானோடது மட்டும் நிறையவே மாட்டேங்குதே?"

"அதான் எனக்கும் புரியல. ஆனா உங்க தொட்டிக்கு வாற சாயம் ஒரு பட்டறைச் சாயம் இல்ல அண்ணாச்சி, ரெண்டு பட்டறைக்கு வாறது ஒண்ணுக்கே வருது. இன்னொரு தொட்டி கட்டுங்க. இல்லாட்டி ஆர்டரைக் குறைங்க."

"ஆர்டரைக் குறைக்கவா!"

மச்சானை மீரான் ஜெயித்த ஒரே இடம் அதுதான். திசையன்விளை ஏஜெண்ட் ஒருவர் சில மாதங்களாக வேன் வேனாக நூல் அனுப்பிக்கொண்டிருந்தார். சுல்தான் தொட்டியில் மீன் ஓடலாம். ஆனால் வாசலில் வேன் நிற்பது மீரான் பட்டறையில்தானே?

ஆகவே ஆர்டரைக் குறைக்கவில்லை. கரியைக் கூட்டினார். கட்டிக்கரியைவிடத் தூளில் ஓட்டை அதிகம் இருக்கும் என்று தானாகவே கணக்குப் போட்டு, மாவு போன்ற கரித்தூளை வாங்கித் தொட்டியின் வாய் வரைக்கும் திணித்தார். நல்ல சேதியை எதிர்பார்த்து மறுபடியும் சுல்தானை அழைத்தார். மறுபடியும் வெள்ளை ஜிப்பா.

பம்ப்பைப் போட்டதும் தண்ணீர் நுழைய வழியில்லாமல் குழாய் முனகியது, நடுங்கியது, பிறகு மூட்டோடு பிய்த்துக்கொண்டது. சிவப்பும் கறுப்புமாகப் பீய்ச்சியடித்த தண்ணீர் நிறுத்துவதற்குள் சுல்தானைத் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டது.

மீரான் திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். சுல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மாப்ள, தொழில்னா அப்படித்தான். ஒம்ம வேலையைப் பைய பாரும்," என்று சொல்லி, சொட்டச் சொட்ட நடந்து போனார்.

அந்த வாரமே இடி போல் இன்னொரு சேதி. தண்ணீரைச் சுத்தமாக வெளியேற்றும் பட்டறை என்று சுல்தானுக்கு டவுனில் ஒரு விழாவில் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். விழா அன்று அலிமா புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீங்க கிளம்பலயா?"

"வயிறு சரியில்ல."

"வயித்துல என்ன?"

"எரியுது."

"அது ரொம்ப நாளா எரியுதுல்லா," என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மீரான் ஒரு காலிச் சாக்கை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மதிலேறிக் குதித்தார். முழங்கால் சிராய்த்தது. உள்ளே தறிச் சத்தம் மட்டும் கேட்டது. சாயக் கொட்டகைப் பக்கம் ஆளில்லை. தொட்டியில் கெண்டை மீன்கள் சொகுசாகச் சுற்றிவந்தன. அடுத்த தொட்டியில்தான் கரி. மீரான் தோள்வரைக்கும் கையை விட்டு அள்ளினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நாக்கில்கூட ஒரு துணுக்கை வைத்துப் பார்த்தார். நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது போல் சாயக்கறையே இல்லாமல் இருந்தது. எத்தனை மாதம் சாயம் குடித்த கரி! எப்படி இப்படி இருக்கும்? என்ன மாயக் கரி இது?

"யாரு அங்கன?"

காவல்காரர் குற்றாலலிங்கம் கம்போடு நின்றார். மீரான் பாதி நிரம்பிய சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். முகத்தில் அப்பியிருந்த கரியை மறைக்க மூன்றாவது கை இல்லை.

"நான்தான் வே, மீரான்."

"அண்ணாச்சியா? கரி வேணும்னா வாசல் வழியா வந்து கேட்டாத் தந்திருப்பேனே! முழங்கால்ல ரத்தம் வருது பாருங்க."

அந்தக் கனிவில் மீரான் உடைந்தே போனார். சாக்கைக் கீழே போட்டார்.

"குற்றாலம், ஒம்மைக் கையெடுத்துக் கும்பிடுதேன். நான் போடாத கரி இல்ல. எனக்குக் கரண்டை நிறுத்தப்போறாங்க, வீட்டுல மரியாதை எப்பவோ போச்சு. எங்க மச்சான் கரி மட்டும் எப்படி வே அழுக்கே ஆகாம இருக்கு? அந்த ரகசியத்தை மட்டும் சொல்லிரும்."

குற்றாலலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி தெரியாத மாதிரி கேக்கிய? இந்தத் தொட்டிக்கு வாறது வெறும் போர்வெல் தண்ணில்லா, எங்க நூல் பூராத்துக்கும் திசையன்விளை ஏஜெண்ட் மூலமா உங்க பட்டறையிலதான சாயம் போடுதாவ!"