கொத்த மறுத்த கோழிகள்

கோழிகள் இன்றும் கொத்தவில்லை. கோழிக் காப்பாளன் விபீடியஸ் கூண்டைத் திறந்து, மாவுருண்டையை முன்னால் போட்டு, கெஞ்சாத குறையாக நின்றான். அவை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உண்ட களைப்பில் உட்கார்ந்துகொண்டன.

புனிதக் கோழி இரையெடுத்து நல்ல சகுனம் காட்டாமல் ரோமானியப் படை வாளை உருவாது. எதிர்க் குன்றில் எதிரிகளான வோல்ஸ்கியர்கள் சாவகாசமாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

படைக்குத் தளபதிகள் இருவர். ஒருநாள் ஹெரேனியஸின் முறை, மறுநாள் நூமிசியஸின் முறை. வெற்றி அடுத்தவன் நாளில் வருவதைவிட வராமலே இருக்கலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

"என் முறையில மட்டும் இதுங்களுக்குப் பசிக்காதா? அந்தாளுதான்யா திருட்டுத்தனமா தீனி போடுறான்" என்றார் ஹெரேனியஸ்.

நேற்று நூமிசியஸும் இவரைப் பற்றி இதையேதான் சொல்லியிருந்தார்.

ஹெரேனியஸ் முன்வரிசை வீரர்களில் இருவரைக் கூண்டுக்குக் காவல் வைத்தார். மறுநாளும் கோழிகள் கொத்தவில்லை. நூமிசியஸ் அந்தக் காவலர்களைக் கண்காணிக்க நான்கு பேரை நிறுத்தி, இதுதான் போர்த் தந்திரம் என்று மீசையில்லாத உதட்டை நீவிக்கொண்டார். பாவம் விபீடியஸ், கூண்டைத் தன் கூடாரத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். காவல் கூடக்கூடக் கோழிகள் பெருத்தன. ஒன்று கூண்டு வாசலில் சிக்கிக்கொண்டது. வீரர்களுக்கு என்னவோ இடுப்பு வார் தளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் தளபதிகள் ஒன்றுகூடிக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள்.

"கோழியைக் கெடுத்தவன் நீதான்யா. என்னைக்கு அது கொத்துதோ, அன்னைக்கு முன்வரிசையில முதல் ஆளா நீ நிக்கணும்."

இத்தனை நாள் கொத்து கொத்து என்று வேண்டிய விபீடியஸ், அந்த நிமிடமே வேண்டுதலை மாற்றிக்கொண்டான். முன்வரிசையோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். உயிர்ப்பயம் இருந்தாலும் பசிக்கத்தானே செய்யும்? கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கப் போனான்.

பக்கத்திலிருந்த, கூண்டுக் காவலுக்கு நின்ற முன்வரிசை வீரன் சிலோ அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு கை மிச்சம் வைங்க. இன்னைக்குக் கோழிக்குத் தீனி போடுறது நம்ம வரிசை முறை."