காய்ந்ததும் மூடிக்கொண்ட வாய்

"சார், காலையில திறந்திருந்த வாய் இப்ப மூடியிருக்கு!"

பல் டாக்டர் போனில் அலறினார். நோயாளியின் வாய் இல்லை, அவர் வரைந்துகொண்டிருந்த மனைவியின் படத்திலிருந்த வாய்.

மறுமுனையில் ஓவிய ஆசிரியர் அசரவில்லை. "அக்ரிலிக் கலர்தானே டாக்டர்? காய்ஞ்சா மாறத்தான் செய்யும்."

"கலர் கொஞ்சம் இருட்டும்னுதானே சொன்னீங்க? வாய்கூடவா மூடிக்கும்?"

"என் படத்துல இதைவிட அதிசயமெல்லாம் நடந்திருக்கு. நல்லா காயவிடுங்க. காய்ஞ்சு வந்தப்புறம்தான் என் படமே எனக்குப் பிடிக்கும்."

டாக்டருக்கு இது மானப் பிரச்சினை. வகுப்பில் அவர் ஜாடி வரைந்தால் அச்சு அசலாக ஜாடிதான். ஆனாலும் ஆசிரியர் உதட்டைப் பிதுக்குவார். "எல்லாம் சரியா இருக்கு. இதுல நீங்க எங்கே? உங்களுக்குன்னு ஒரு பாணி வேண்டாமா?" வகுப்பு நடத்தும் கண்காட்சிக்குள் அந்தப் பாணி வந்து சேராவிட்டால் மறுபடி ஆரம்ப வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அங்கே இருப்பதெல்லாம் வாண்டுகள். அதிலும் பாதிப் பேர் டாக்டரிடம் பல்லைப் பறிகொடுத்தவர்கள்.

யோசித்துப் பார்த்ததில், தனக்கென்று இருப்பது பல் ஒன்றுதான் என்று டாக்டருக்குப் பட்டது. எனவே மனைவியைச் சிரிக்க வைத்து வரைந்தார். கடைவாய்ப்பல் வரை ஒன்று விடாமல் தெரிகிற சிரிப்பு.

"முடியற வரைக்கும் நீ இதைப் பார்க்கவே கூடாது" என்று மனைவிக்குக் கண்டிப்பான உத்தரவு.

"கடையில தினமும் படத்தைத்தானே பார்க்கிறேன்? வீட்டுலயும் வேறயா?" என்றாள் அவள். மதியத்துக்கு மேல் அவளுக்குப் பிரேம் கடையில் வேலை.

டாக்டர் விடியற்காலையில் வரைவார். பிறகு கிளினிக். மாலையில் வந்து பார்த்தால் படம் காய்ந்திருக்கும். இப்படி மாறியும் இருக்கும்.

மூடிய வாயை மறுநாள் மறுபடி திறந்தார். போன தடவை வெள்ளை போதவில்லை போலிருக்கிறது என்று பற்களைச் சுண்ணாம்பு மாதிரி அப்பினார். மாலையில் வாய் மறுபடி மூடியிருந்தது. கூடவே ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது.

"சார், புருவம் தூக்குது!"

"தூக்கட்டும். தடுக்காதீங்க."

டாக்டர் விடுகிற ஆளா? காய்ந்து இருட்டுவதற்கு முன்கூட்டியே வெளுத்துவிட்டால்? முகம் முழுக்க வெள்ளையை ஏற்றினார். மனைவி பல் அடைக்கிற சிமென்ட் நிறத்துக்கு வந்துவிட்டாள்.

அன்று மாலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னணி முழுக்க ஆரஞ்சு. முகத்தில் பாதி நீல நிழல். மூடிய உதட்டில் ஒரு சிரிப்பு, அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்தான். இதை இத்தனை நாள் பார்க்காமல் விட்டோமே என்று டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"உன் விரல்ல என்ன நீலம்?" என்று கேட்டார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடையில ஒட்டியிருக்கும். காபி ஆறுது, வாங்க."

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு பிரேம் கடைக்குப் போனார். பார்த்துச் சொல்ல ஆசிரியரும் வந்திருந்தார். ஆரம்ப வகுப்பு வாண்டுகள் வரிசையாக டாக்டரின் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர்! வந்துடுச்சு! இதுதான் பாணி!"

"நான் ஒண்ணுமே பண்ணல சார். சும்மா காயவிட்டேன்."

"அதேதான்! அந்தப் பொறுமை இத்தனை பேர்ல உங்க ஒருத்தருக்குத்தான் வந்திருக்கு. கிட்டத்தட்ட என் பாணியே உங்களுக்கும் வந்துடுச்சு, பாருங்க!"

டாக்டர் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது.

அப்போது கடைக்காரர், வெளியே அவளோடு யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா! ஓவிய வாத்தியார் போட்டுட்டுப் போன படமெல்லாம் அப்படியே கிடக்கு. நீங்க எப்பவும்போல மேல வரைஞ்சு சரிபண்ணிக் குடுத்தாத்தானே நான் பிரேம் போட முடியும்?"