கடலை மங்கலாக்கியவர்

கடலோர ஊரான மாம்புரியில் பிறந்து, மாம்புரியிலேயே வளர்ந்து, கடலைக் கண்டு நடுங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மங்கல் நானா, ஊருக்கே அண்ணன். அலை கொஞ்சம் பலமாக அடித்தால் ஜன்னலைச் சாத்துவார். கரைக்கு மீன் வாங்கப் போனால், கடலுக்கு முதுகு காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வீடு திரும்புவார். அவருடைய சொந்தப் பெயரைப் பெண்சாதியிடம் கேட்டால்கூட, கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

தொழில், கல்யாணப் படம் பிடிப்பது. கமெராவில் ஒளி புகும் துளையை அகலத் திறந்தால் கிட்ட நிற்பவர் தெளிவாக விழுவார், பின்னால் உள்ளதெல்லாம் மங்கிவிடும். துளையைச் சுருக்கினால் காலடிப் புல்லும் தூரத்து அலையும் சேர்ந்தே தெளியும். நானாவுக்கு முதலாவதில்தான் உயிர், பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கடற்கரையில் மாப்பிள்ளை பொம்பிளையை நிறுத்தி அவர் எடுத்த படங்களில் கடல் வெறும் நீலக் கரைசலாகக் கிடக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற பெரிய மாமாவும் பழுப்புக் கறையாகிப் போனார். புரியாணிக்கு ஆடு கொடுத்த மனிதர், சும்மா விடுவாரா? சண்டைக்கு வந்துவிட்டார்.

"உங்களுக்குப் பின்னால கடல் இரிக்கி மாமா," என்றார் நானா. "அதைத் தெளிவா எடுக்கப் போனா எனக்குக் கை நடுங்கும். பொறகு பொம்பிளயும் மங்கிடும்."

பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் தேங்காய்களோடு கடற்கரைக்கு வந்துவிடுவார். மணலில் வரிசையாக வைத்துப் பயிற்சி. கடலைப் பார்த்து நின்றால் துளையைத் திறந்து முதல் தேங்காயை மட்டும் தெளிய வைப்பார். துளையைச் சுருக்கிப் பழகுவதெல்லாம் தென்னந்தோப்பைப் பார்த்துத்தான். ஆனால் அப்போது கடல் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுமே! அதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். வேலை வெட்டி இல்லாமல் திரிந்த என்னைப் பிடித்தார்.

"கடல் அங்கேயே இரிக்கா தம்பி?"

"இரிக்கி நானா."

மாலை முழுக்க இதுதான் எங்கள் கதை. ஒருநாள் விளையாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். கமெராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியவர், தோப்பில் நின்ற கழுதையையும் முந்திக்கொண்டு போனார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

பிறகு, என் தம்பி றிஸ்வான் கடலுக்குப் போய்த் திரும்பாத நாள் வந்தது. விடியும் நேரத்தில் காற்று மாறி வீச, மற்ற வள்ளங்களெல்லாம் கரைக்கு ஓடிவந்துவிட்டன. அவனுடைய போன் வேலை செய்யவில்லை. தேடிப் போனவர்கள் எந்தப் பக்கம் தேடுவதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். உம்மா கரையில் உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அழவில்லை. தெரிந்த கடல்தான், ஆனால் அன்றைக்கு அதை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நானாவைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் நானா தன்னிடமிருந்த மிக நீளமான லென்ஸோடு வந்தார். கரையோரத்து உயரமான தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏற வேண்டும், துணைக்கு வா என்றார். ஏணியின் ஒவ்வொரு படியையும் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர் கடலில் வழி தவறாமல் இருப்பது கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்துத்தான். தூரத்தில் வள்ளம் தெரிந்தால் மட்டும் போதாது, கரையில் அது எதற்கு நேராக நிற்கிறது என்றும் தெரிய வேண்டும்.

"வள்ளம் கட்டுற கம்பங்களும் தெளியணும், கடல் முடியிற எடமும் தெளியணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துளையைச் சுருக்கினார். முதல் தடவையாக, கடலைப் பார்த்தபடி.

ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்த்தோம். வெறும் தண்ணீர், வெறும் தண்ணீர். பிறகு ஒரு படத்தில், கரையிலுள்ள சிவப்புக் கம்பத்துக்கு நேர் மேலே கடுகளவு புள்ளி. அதில் மஞ்சளாக ஏதோ. தம்பியின் மழைக்கோட்டு மஞ்சள்தான்.

"ஓடிப் போய் வள்ளக்காரங்களுக்குச் சொல்லு தம்பி," என்றார் நானா. "நீரோட்டம் இழுக்கும். நான் கண்ணை எடுக்க மாட்டன்."

சிவப்புக் கம்பமும் தாங்கியும் ஒரே நேரில் தெரியும்படி திரும்பித் திரும்பிப் பார்த்து மீன்பிடிகாரர் வள்ளத்தை ஓட்டினார்கள். புள்ளி நகர நகர நானா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு றிஸ்வானை இழுத்து வந்தார்கள். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். உம்மா அவன் காதைப் பிடித்தபடியே வீடு வரைக்கும் கூட்டிப் போனார். வள்ளம் கரை தொட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலேயே இருந்துவிட்ட நானாவை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. வெறும் கடலைப் போய்ச் சட்டம் போட்டிருக்கிறீர்களே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நானா வந்தால் மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகு காட்டி உட்காருவார். தேநீர் பாதி போகும்போது அவர் கண் என் முகத்துக்கு வரும். அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்:

"இரிக்கி நானா. அங்கேயேதான் இரிக்கி."